சின்ன அரசுப் பல்கலைக்கழகத்தில் லிபரல் ஆர்ட்ஸ்: மகளைச் சேர்க்கலாமா? அங்கே படித்தவர்கள் சொல்லுங்கள்

தாமிரபரணி

வணக்கம். நாங்கள் சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகரில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். உயிரியலையும் வரலாற்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டு இடங்களில் அனுமதி வந்திருக்கிறது. ஒன்று, நாற்பதாயிரம் பேர் படிக்கும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகம். மற்றொன்று பக்கத்து மாநிலத்தில், சோளக்காட்டு நடுவே, இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஒரு லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம், அதாவது ஒரே தொழிலுக்கு என்றில்லாமல் அறிவியல், கலை, வரலாறு என்று பரந்து படிக்கும் இடம். அதுவும் அரசுடையதுதான். உதவித்தொகை போக அங்கே ஆகும் செலவு கணிசமாகக் குறைவு.

மகளின் மனம் சின்னதில்தான் நிற்கிறது. என் கணவர், "அந்தப் பெயரை யார் கேள்விப்பட்டிருக்கிறார்கள்? நாளைக்கு வேலை என்று போய் நின்றால் என்ன சொல்வாள்?" என்று கேட்கிறார். அங்கே படித்த பிள்ளைகள் எழுதிய கருத்துகளைத் தேடித் தேடிப் படித்தேன். ஒரு பெண் "என்னை ஆளாக்கிய இடம்" என்கிறாள். இன்னொரு பையன் "முதலாண்டு முடிந்ததும் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டேன், மூச்சு வந்தது" என்கிறான். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் படித்தவர்கள். யாரை நம்புவது?

மே 1க்குள் முன்பணம் கட்ட வேண்டும். கேள்விப்பட்டதை அல்ல, அனுபவித்ததைச் சொல்லுங்கள். கல்லூரியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை, மகள் கேட்டுக்கொண்டாள்.

வடக்குக்காற்று

அக்கா, நான் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் மோரிஸ் வளாகத்தில் படித்தவன். ஊரில் மொத்தமே ஐயாயிரம் பேர்தான். மினியாபொலிஸிலிருந்து வடமேற்கே காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமவெளி, அதன் நடுவே கல்லூரிக்கு மின்சாரம் தரும் காற்றாலைகள்.

அந்த இடத்துக்கு ஒரு கனமான வரலாறு உண்டு. 1887இல், பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்துப் படிப்பித்த உறைவிடப் பள்ளியாகத் தொடங்கியது. 1909இல் அந்த நிலமும் கட்டடங்களும் மாநில அரசின் கைக்கு வந்தபோது, பூர்வகுடி மாணவர்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தன. பிறகு வேளாண் பள்ளியாக இருந்து, 1960இல் கல்லூரியானது. அந்த நிபந்தனை இன்றும் நடப்பில் இருக்கிறது. ஆகவே என்னோடு படித்தவர்களில் பூர்வகுடி மாணவர்கள் நிறையப் பேர். உறைவிடப் பள்ளிகளைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்த அன்று, ஒரு தோழி தன் பாட்டி அப்படிப்பட்ட பள்ளியில் வளர்ந்ததைச் சொன்னாள். அன்றைக்கு மிச்ச நேரம் முழுவதும் பாடம் அவளுடையதுதான். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் அவள் வாய் திறந்திருக்க மாட்டாள்.

நான் எடுத்தது கணிதம். மூன்றாம் ஆண்டு மெய்ப்பகுப்பாய்வு வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். ஆசிரியர் பலகைப் பக்கமே போக மாட்டார், நாங்கள்தான் போக வேண்டும். நான் ஒரு நிறுவலை எழுதி முடித்துவிட்டுத் திரும்பினால், அவர் எழுந்து வந்து ஒரு வரியில் விரலை வைத்து, "இதற்கு முந்தைய வரியிலிருந்து இது எப்படி வந்தது?" என்று கேட்பார். பதில் இல்லையென்றால் உட்காரச் சொல்ல மாட்டார். "நின்று யோசி, எங்களுக்கு அவசரமில்லை" என்பார். முதல் மாதம் வியர்த்து வழிந்தது. பருவம் முடிவதற்குள், அவர் கேட்பதற்கு முன்பே நானே என்னைக் கேட்கப் பழகிவிட்டேன். இன்று காப்பீட்டுத் துறையில் புள்ளியியல் வேலை பார்க்கிறேன். அங்கே கற்ற அந்தப் பழக்கத்துக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்றே சொல்வேன்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை: கல்லூரிப் பெயரை என்னிடம் கேட்டது முதல் வேலைக்கான நேர்காணலில் மட்டுமே.

மதுரைக்காரி

நான் இந்தியாவிலிருந்து எஃப்-1 மாணவர் விசாவில் வந்து இப்படியொரு சின்ன அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். மினசோட்டா அல்ல, வேறு மாநிலம். மேலே தம்பி சொன்னது எல்லாம் உண்மையாக இருக்கலாம். என் அனுபவம் வேறு.

என் துறையில் ஆசிரியர்கள் மூன்றே பேர். இரண்டாம் ஆண்டில் மூத்தவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்தை நிரப்பவில்லை. மூன்றாம் ஆண்டில் இன்னொருவர் ஆய்வு விடுப்பில் போனார். பட்டத்துக்குக் கட்டாயமான பாடம் ஒன்று, இரண்டாண்டுக்கு ஒருமுறை நடப்பது, அந்த ஆண்டு நடக்கவில்லை. "தனிப்பாடமாகப் படித்துக்கொள், வாரம் ஒருமுறை வந்து பார்" என்றார்கள். புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே படித்தேன். கட்டணம் மட்டும் முழுப் பாடத்துக்கானது. என் அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்து வாங்கிய பணம் அது.

நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையில் உணவுக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லோரும் காரில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் சில பேர், நேபாளத்துப் பெண் ஒருத்தி, கானாவிலிருந்து வந்த இருவர், விடுதியின் பொது அடுப்பில் சோறு வடித்துச் சாப்பிட்டோம். ஊருக்குள் பஸ் கிடையாது. மளிகைக் கடைக்குப் போக யாராவது காரில் கூட்டிப்போக வேண்டும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரே ஒருவர் இருந்தார். நல்ல மனுஷிதான். ஆனால் வெளிநாட்டு மாணவர்களுக்கு வேலை தரும் நிறுவனங்களில் ஒன்றைக்கூட அவருக்குத் தெரியாது. படிப்பு முடிந்தபின் கொஞ்ச காலம் இங்கே வேலை பார்க்கத் தரும் ஓபிடி அனுமதிக்கான படிவத்தை நான்தான் அவருக்கு விளக்கினேன். என் பட்டம் அறிவியல் தொழில்நுட்பப் பட்டியலில் வராததால் எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு மாதம்தான், கூடுதல் 24 மாத நீட்டிப்பு இல்லை. அந்த ஓராண்டு எப்படிப் போனது என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

வகுப்புகள் நன்றாக இருந்தன. அதை மறைக்க மாட்டேன். எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிய ஆசிரியர் இன்றும் மின்னஞ்சல் போடுகிறார். ஆனாலும் மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால் அங்கே போக மாட்டேன்.

கோவைத்தம்பி

இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது சகோதரி? பெரிய பல்கலைக்கழகம், கணினி அறிவியல். உயிரியலையும் வரலாற்றையும் ஓய்வு நேரத்தில் படிக்கட்டும். என் பையனுக்கு அதைத்தான் செய்தேன்.

தாமிரபரணி

கோவைத்தம்பி, மகளுக்குக் கணினியில் நாட்டமில்லை. அவளை வற்புறுத்த எங்களுக்கு மனமில்லை, அந்தப் பேச்சை வீட்டில் எப்போதோ முடித்துவிட்டோம்.

மதுரைக்காரி, மனம் கனக்கிறது அம்மா. நீ எழுதியதை மகளிடம் படித்துக் காட்டினேன். துறையில் எத்தனை ஆசிரியர்கள் என்று விசாரிக்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றியிருக்காது. இப்படி ஓர் ஆசிரியர் போனால் ஒரு துறையே ஆட்டம் காணுமா? அரசுப் பல்கலைக்கழகம் என்றால் நிதி உறுதி இருக்கும் என்றல்லவா நினைத்தோம்?

கணக்குப்பிள்ளை

நான் ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அம்மா கேட்ட கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

இந்தச் சின்ன அரசுக் கல்லூரிகளில் பல, பள்ளி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கப்பட்டவை. மிசௌரியில் கிர்க்ஸ்வில் ஊரின் ட்ரூமன் பல்கலைக்கழகம் 1867இலும், நியூயார்க் மாநிலத்து ஜெனிசியோ 1871இலும், மாசசூசெட்ஸின் நார்த் ஆடம்ஸ் 1894இலும் அப்படித்தான் பிறந்தன. ஆசிரியர் பயிற்சியைப் பெரிய பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்ட பிறகு, இவை தமக்கென்று ஓர் அடையாளத்தைத் தேடின. தனியார் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் பெரும்பணத்துக்குத் தரும் கல்வியை, அரசுக் கட்டணத்தில் தருவது என்று முடிவு செய்தன. ட்ரூமனை மாநிலத்துக்கான லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகமாக அறிவிக்க மிசௌரியில் 1985இல் சட்டமே இயற்றினார்கள். 1987இல் இத்தகைய கல்லூரிகள் சேர்ந்து கோப்ளாக் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. நல்ல நோக்கம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஒரு வகுப்பில் பதினைந்து பேர் என்றால், ஒரு மாணவருக்கு ஆகும் ஆசிரியர் செலவு பெரிய அரங்கில் ஆவதைவிடப் பல மடங்கு. தனியார் கல்லூரி அந்த இடைவெளியை அறக்கட்டளை நிதியிலிருந்தும் கட்டணத்திலிருந்தும் அடைக்கும். அரசுக் கல்லூரி மாநில மானியத்தை நம்பியிருக்கிறது. அந்த மானியம் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி வராது. மாணவர் எண்ணிக்கை நூறு குறைந்தால் நாற்பதாயிரம் பேர் படிக்கும் இடத்தில் யாருக்கும் தெரியாது. ஆயிரத்து ஐந்நூறு பேர் படிக்கும் இடத்தில் அதுவே சில ஆசிரியர்களின் வேலை.

எண்ணிக்கை குறையத்தான் போகிறது. அமெரிக்காவில் 2007இல் ஏறக்குறைய 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அதுதான் உச்சம். மறு ஆண்டு வந்த பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பிறப்பு பெரும்பாலும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 2007இல் பிறந்தவர்களுக்கு 2025இல் 18 வயது. இனி ஒவ்வோர் ஆண்டும் கல்லூரிக்கு வரக்கூடிய பிள்ளைகளின் கூட்டம் சுருங்கும். பெயர் பெற்ற பெரிய இடங்கள் தங்கள் இடங்களை நிரப்பிக்கொள்ளும். மிச்சத்தைத்தான் மற்றவை பங்கிட வேண்டும்.

எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் வட கரோலினாவின் ஆஷ்வில். அங்கே உள்ள அரசு லிபரல் ஆர்ட்ஸ் பல்கலைக்கழகம் 2024 ஜூனில், சுமார் 60 லட்சம் டாலர் பற்றாக்குறையைக் காட்டி, நாடகம், மெய்யியல், சமயவியல், பண்டைய மத்தியதரைக்கடல் ஆய்வு ஆகிய துறைகளை மூடப்போவதாக அறிவித்தது. லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு மெய்யியலை மூடுவது என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். அதே செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்து ஊரையே குடிநீர் இல்லாமல் தவிக்கவிட்டது. பருவத்தின் மிச்சத்தை இணையவழியில்தான் நடத்தி முடித்தார்கள்.

வாஷிங்டன் மாநிலத்து எவர்கிரீன் இன்னொரு வகை. ஒலிம்பியா ஊரில் 1971இல் திறந்த கல்லூரி. மதிப்பெண்ணுக்குப் பதிலாக ஆசிரியர் எழுத்தில் மதிப்பீடு தருவார். ஒரு காலத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 2017இல் வளாகத்தில் நடந்த மாணவர் போராட்டங்களுக்குப் பின் சேர்க்கை பாதியளவுக்குச் சரிந்தது. அண்மை ஆண்டுகளில்தான் சற்றே மீண்டிருக்கிறது.

அதற்காகப் பயந்து ஓட வேண்டும் என்று சொல்லவில்லை. கல்லூரிகள் ஆண்டுதோறும் மத்திய அரசுக்குத் தரும் புள்ளிவிவரங்கள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. சேர்க்கை எண்ணிக்கை ஐந்து ஆண்டுகளில் எப்படிப் போயிருக்கிறது, முதலாண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாமாண்டுக்குத் திரும்பினார்கள், நான்கு ஆண்டில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்பதையெல்லாம் ஒரு மாலைப் பொழுதில் பார்த்துவிடலாம். அந்த இரண்டாவது எண் இறங்கிக்கொண்டே போனால் கவலைப்படுங்கள்.

நூலகவாசி

கணக்குப்பிள்ளை ஐயா நிதியைச் சொன்னார். அரசுக் கல்லூரி என்பதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆட்சி மாறினால், ஆள்பவரின் எண்ணம் மாறினால், கல்லூரியும் மாறும்.

நான் ஃபுளோரிடாவில் நூலகராக இருக்கிறேன். சரசோட்டா கடற்கரையில் உள்ள நியூ காலேஜ் 1960இல் தனியார் கல்லூரியாகத் தொடங்கி 1975இல் அரசுடையதானது. 2001இல் தனித்து இயங்கத் தொடங்கியது. எழுநூறு பேர் அளவில் படித்த இடம். மதிப்பெண் இல்லை. பருவத் தொடக்கத்தில் மாணவரும் ஆசிரியரும் என்ன படிப்பது என்று ஒப்பந்தம் எழுதிக்கொள்வார்கள். கடைசியாண்டில் ஆய்வேடு எழுதி, குழுவின் முன் நின்று விளக்க வேண்டும். அங்கே படித்து முனைவர் பட்டம் வரை போனவர்கள் ஏராளம்.

2023 ஜனவரியில் ஆளுநர் ரான் டிசான்டிஸ் ஆட்சிக் குழுவுக்கு ஆறு பேரை ஒரே நேரத்தில் நியமித்தார். அந்த மாத இறுதியிலேயே கல்லூரித் தலைவர் நீக்கப்பட்டார். ஆகஸ்டில் பாலின ஆய்வுத் துறையை மூடத் தீர்மானித்தார்கள். ஆசிரியர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளியேறினார்கள். மாசசூசெட்ஸின் ஹாம்ப்ஷயர் கல்லூரி, வெளியேற விரும்பும் மாணவர்கள் எங்களிடம் வரலாம், அங்கே கட்டிய அதே கட்டணத்தைக் கட்டினால் போதும் என்று அறிவித்தது. புதிதாக விளையாட்டு அணிகள் தொடங்கி, அதற்கென்று மாணவர்களைச் சேர்த்தார்கள். அந்த மாற்றத்தை ஆதரிப்பவர்களும் இருக்கிறார்கள், மாணவர் எண்ணிக்கை கூடியதைச் சுட்டிக்காட்டுகிறார்கள். ஆனால் 2020இல் ஒரு கல்லூரியை நம்பிச் சேர்ந்த பிள்ளை, 2024இல் வேறொரு கல்லூரியிலிருந்து பட்டம் வாங்கியது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பேருந்துகளில் கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்கார வைத்ததை எதிர்த்த 1961 விடுதலைப் பயணங்களுக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் ஃபார்மர், வர்ஜீனியாவில் ஃப்ரெடெரிக்ஸ்பர்கின் மேரி வாஷிங்டனில்தான் 1980களின் நடுவிலிருந்து குடிசார் உரிமை இயக்க வரலாற்றைக் கற்பித்தார். அதுவும் அரசின் சிறிய கல்லூரிதான். வரலாற்றை நடத்தியவரிடமே வரலாறு படித்த பிள்ளைகள் அவர்கள்!

வடக்குக்காற்று

எல்லோரும் மூடுவதையும் சரிவதையும் மட்டுமே அடுக்குவது நியாயமில்லை. பெரிய பல்கலைக்கழகங்களில் துறைகள் மூடப்படுவதில்லையா? ஆசிரியர் பெயரே தெரியாமல், ஆய்வு மாணவர்கள் திருத்திக் கொடுக்கும் விடைத்தாளை வாங்கிக்கொண்டு நான்கு ஆண்டைக் கடத்தியவர்கள் யாரும் இங்கே வந்து எழுதுவதில்லை. அவர்களுக்கு அதுதான் கல்லூரி என்று பழகிப்போய்விட்டது. மதுரைக்காரி அக்காவுக்கு நேர்ந்தது கொடுமை. ஆனால் அது நிர்வாகத்தின் குறை. சின்னக் கல்லூரி என்பதாலேயே நேர்ந்தது அல்ல.

மதுரைக்காரி

தம்பி, சின்னதாக இருந்ததால்தான் நேர்ந்தது. முப்பது ஆசிரியர்கள் இருந்த துறையில் இருவர் போனால் என் பாடம் நின்றிருக்காது. உன் வீடு காரில் மூன்று மணி நேரத்தில். உணவுக்கூடம் பூட்டினால் நீ அம்மா கையால் சாப்பிட்டாய். உனக்கு விசா கிடையாது, ஆகவே பட்டம் எந்தப் பட்டியலில் வருகிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. உன் ஆசிரியர் நல்லவர், அது உன் நல்வினை. என் இடத்திலும் நல்ல ஆசிரியர்கள் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் வேறு வேலை கிடைத்துப் போனார். உன்னை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் இருவரும் ஒரே மாதிரிக் கல்லூரியில் படித்தோம் என்று சொல்லாதே.

வடக்குக்காற்று

சொன்னது சரி அக்கா. விசா விஷயத்தில் எனக்கு எதிர்வாதம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் என்னிடம் கேட்டால் இனி வேறு மாதிரிதான் சொல்வேன்.

கரிசல்மண்

நான் இப்படிப்பட்ட ஓர் அரசுக் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கிறேன். பெயர் வேண்டாம். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

எங்களிடம் முனைவர் பட்ட மாணவர்கள் இல்லை. ஆகவே ஆய்வு என்று ஏதாவது நடக்க வேண்டுமானால் இளநிலை மாணவர்களை வைத்துத்தான் நடக்க வேண்டும். முதலாண்டு முடித்த பிள்ளையைக் கோடை விடுமுறையில் ஆய்வகத்தில் உட்கார வைக்கிறேன். பெரிய பல்கலைக்கழகத்தில் அதே பிள்ளை கண்ணாடிக் குடுவை கழுவத் தொடங்கவே ஈராண்டு ஆகும். முதல் ஆய்வக அறிக்கையை நான் மூன்று முறையாவது திருப்பிக் கொடுப்பேன். முதல் முறை அலகுகள் இருக்காது. இரண்டாம் முறை அலகுகள் இருக்கும், ஆனால் பிழை எல்லை இருக்காது. மூன்றாம் முறை எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் வினையில் கிடைத்த விளைபொருள் ஏன் குறைந்தது என்ற பத்தியில், "மனிதத் தவறு" என்று இரண்டே சொல். அதைச் சுழித்துக் கொடுப்பேன். எந்த மனிதர், எந்தப் படியில், என்ன தவறு? அந்தப் பத்தியை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளை எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் பிழைத்துக்கொள்ளும். இருநூறு பேருக்கு இதை நான் செய்ய முடியாது.

எங்களிடம் இல்லாததையும் சொல்கிறேன். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி பழையது, பழுதானால் மாதக்கணக்கில் காத்திருப்போம். நூலகத்துக்கு ஆய்விதழ் சந்தா குறைந்துவிட்டது. நாங்கள் ஒவ்வொருவரும் சுமக்கும் பாடச்சுமை அதிகம், சில பருவங்களில் களைத்துப்போகிறோம், அது பிள்ளைகளுக்கும் தெரியும்.

இன்னொன்று பெற்றோர் யாரும் கேட்பதில்லை. ஊர் சின்னது, கல்லூரி சின்னது. நண்பர்களுக்குள் மனத்தாங்கல் வந்தால் ஒதுங்கிப் போக இடமில்லை. நூலகத்தில் அதே முகம், உணவுக்கூடத்தில் அதே முகம். பள்ளியில் வாய் திறக்காத பிள்ளை எங்களிடம் வந்து மலர்வதைப் பல முறை பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் கரைந்து தன் போக்கில் இருக்க விரும்பும் பிள்ளை வாடிப்போவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பிள்ளைகளும் எழுதும் கருத்தைத்தான் தாமிரபரணி அம்மா படித்திருக்கிறார். இரண்டும் உண்மையே.

அம்மா, நேரில் போங்கள். துறைத் தலைவரிடம் கடந்த மூன்றாண்டுப் பாட அட்டவணையைக் கேளுங்கள். கல்லூரிக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் பாடப் பட்டியல் வேண்டாம், அதில் பத்தாண்டாக நடக்காத பாடமும் இருக்கும். உண்மையில் நடந்த பாடங்கள், யார் நடத்தினார்கள், அவர் நிரந்தர ஆசிரியரா, பகுதிநேர விரிவுரையாளரா. நல்ல துறை உடனே எடுத்துக் காட்டும்.

வன்னிமகன்

கனடாவிலிருந்து எழுதுகிறேன். அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் ஒகஸ்தானா வளாகம் காம்ரோஸ் என்ற சிறு பட்டணத்தில் இருக்கிறது, எட்மன்டனிலிருந்து ஒரு மணி நேரம். முன்பு லூத்தரன் சபையின் கல்லூரி, 2004இல் அரசுப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கோப்ளாக்கில் இருக்கும் கனடியக் கல்லூரி அது. என் தங்கை அங்கே படித்தாள். பருவத் தொடக்கத்தில் மூன்று கிழமைக்கு (மூன்று வாரத்துக்கு) ஒரே பாடம், பிறகு பதினொரு கிழமைக்கு மற்றப் பாடங்கள். அந்த மூன்று கிழமையில் ஒரே ஆசிரியரோடு, ஒரே விஷயத்தோடு இருந்ததில் அவளுக்கு உயிரியல் பிடித்துப்போனது.

பட்டம் பெரிய பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும். இப்படிப் பெரிய பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருப்பதா, தனித்து நிற்பதா என்பதையும் பாருங்கள் அக்கா. பெயர் தெரியாதே என்ற உங்கள் கணவரின் கவலை அப்படிப்பட்ட இடத்தில் வராது.

மூன்றாம்பருவம்

நான் இப்போது இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு வயதில் கோவையிலிருந்து டெக்சாஸுக்கு வந்தேன். என் கல்லூரியும் சின்ன அரசுக் கல்லூரிதான், பெயர் சொல்ல மாட்டேன்.

வகுப்பு பற்றி எனக்குக் குறை இல்லை. குறை வகுப்புக்கு வெளியே. முதலாண்டில் என் மாடியில் இருந்தவர்களில் நெருக்கமான தோழிகள் இருவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பெரிய இடமென்றால் வேறு நண்பர்கள் கிடைப்பார்கள். இங்கே அந்த இடம் காலியாகவே இருந்தது. மனநல ஆலோசகரைப் பார்க்கப் பெயர் கொடுத்தால் வாரக்கணக்கில் ஆகிறது. சைவ உணவு என்றால் பாஸ்தாவும் சாலடும். இந்த வளாகத்தில் தமிழ் பேச எனக்கு ஆளில்லை. பொங்கலன்று வகுப்புக்குப் போய்விட்டு வந்து அறையில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு ஒன்று நடந்தது. மண்ணியல் ஆசிரியர் களப்பணிக்குப் போகும் வண்டியில் இடமிருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். நான் அந்தப் பாடத்தில்கூட இல்லை. ஒரு சுண்ணாம்புக்கல் வெட்டுக்குழியில் நாள் முழுக்க நின்று கல்லில் கடல் லில்லி என்ற கடலுயிரின் புதைபடிவத் தண்டுகளைப் பொறுக்கினோம், சின்னச் சின்னப் பொத்தான்கள் மாதிரி. கடல் இருந்த இடமாம் அது. அடுத்த பருவமே மண்ணியலை முதன்மைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். இப்போது துறையில் எனக்கென்று ஒரு மேசை இருக்கிறது, சாவி இருக்கிறது. இரவு பத்து மணிக்கும் அங்கே யாராவது இருப்பார்கள்.

ஆகவே ஆன்ட்டி, உங்கள் மகள் முதல் ஆறு மாதம் அழைத்து அழுதால் பயந்துவிடாதீர்கள். இரண்டாம் பருவம் முடிந்தும் அழுதால் கேளுங்கள்.

கோவைத்தம்பி

மேலே எழுதிய பெண்ணுக்கு: நம் ஊர்ப் பிள்ளை. பொங்கலன்று தனியாக இருந்தாய் என்று படித்தபோது என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் ஹூஸ்டனில் இருக்கிறோம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இந்தத் தளத்தின் வழியாகச் செய்தி அனுப்பு அம்மா, உன் பெற்றோரோடு வீட்டுக்கு வாருங்கள்.

தாமிரபரணி

போன வாரம் மூவரும் நேரில் போய்விட்டு வந்தோம். கரிசல்மண் ஐயா சொன்னபடி அட்டவணையைக் கேட்டோம். உயிரியல் துறைத் தலைவர் கணினியைத் திருப்பி வைத்துக் காட்டினார். ஒன்பது ஆசிரியர்கள், மகள் விரும்பும் சூழலியல் பாடங்கள் ஆண்டுதோறும் நடந்திருக்கின்றன. அங்கே கவலையில்லை.

வரலாற்றுத் துறையில் நான்கு பேர். ஒருவர் இந்த மே மாதம் ஓய்வு பெறுகிறார். நிரப்புவீர்களா என்று கேட்டேன். தலைவர் மழுப்பவில்லை. "விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் ஒப்புதல் வரவில்லை, வரும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். ஆசிய வரலாறு அவரோடு போகிறது. மகளுக்கு முகம் வாடிவிட்டது.

அன்று மதியம் ஒரு வகுப்பில் உட்காரச் சொன்னார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து 1918 இன்ஃபுளுவென்சாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை மகளைப் பார்த்து, "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்றார். அவள் தன் கொள்ளுப்பாட்டியின் தங்கைகள் இருவர் அந்தக் காய்ச்சலில் திருநெல்வேலியில் இறந்ததாக வீட்டில் கேட்டதைச் சொன்னாள். இந்தியாவில்தான் மிக அதிகமான பேர் இறந்தார்கள், கோடிக்கும் மேல் என்று ஆசிரியை சொல்லிவிட்டு, அந்த நாளின் மிச்ச நேரத்தை அதற்கே கொடுத்தார். என் கணவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். காரில் திரும்பும்போது பெயர் பற்றிய பேச்சை அவர் எடுக்கவில்லை. இரண்டாமாண்டுக்குத் திரும்புகிறவர்களின் எண்ணிக்கையை மட்டும் மறுபடி பார்க்கச் சொன்னார். மூன்றாண்டாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

முன்பணம் கட்டிவிட்டோம். உயிரியல் முதன்மைப் பாடம், வரலாறு துணைப்பாடம் என்று தொடங்குகிறாள். முதலாண்டில் எங்கே போனாலும் செல்லுபடியாகும் பொதுப்பாடங்களை அதிகம் எடுத்துக்கொள்வது, ஆண்டு முடிவில் உட்கார்ந்து பேசுவது என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். இனி சேர்வதற்கு முன் வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

மதுரைக்காரி

நல்லபடியாக நடக்கட்டும் அக்கா. இரண்டு வேலைகள் இருக்கின்றன. உதவித்தொகைக் கடிதத்தில் எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) இருந்தால் தொடரும், ஒரு பருவம் குறைந்தால் மறுவாய்ப்பு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை போதாது.

அடுத்தது, சேரும் ஆண்டின் பாடத்திட்டக் கையேட்டை முழுதாகத் தரவிறக்கி வையுங்கள். பொதுவாக அந்த ஆண்டு விதிகளின்படிதான் பட்டத்துக்கான தகுதியைக் கணக்கிடுவார்கள். நடுவில் ஒரு பாடத்தை நிறுத்தினால், அதற்கு ஈடாக எதை ஏற்பார்கள் என்று துறைத் தலைவரிடம் அதே வாரத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். கடைசியாண்டுவரை தள்ளிப்போட வேண்டாம். வரலாற்றுத் துறையில் அந்த இடம் நிரம்பியதா என்று ஆகஸ்டில் இங்கே வந்து எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.